குண்டுக்கு ஒரு ஸ்டாப்வாட்ச்!

"பெரியப்பா, நான் இனிமே ரேஞ்சுக்குப் போகலை. துப்பாக்கியை வித்துடச் சொல்லுங்க அப்பாகிட்ட."

ஞாயிற்றுக்கிழமை மதியம். தட்டில் ராகிக் களி, பக்கத்தில் கீரைக் கடைசல். தம்பி மகள் இப்படிச் சொன்னதும் எனக்குக் களி தொண்டையிலேயே நின்றுவிட்டது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம் எங்களுடையது. 2023-ல் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் எல்லாம் ரசத்துக்குத் தக்காளியை எண்ணிப் போட்ட அந்த மாதங்களில்தான், என் தம்பி வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் கொஞ்சம் காசு பார்த்தான். அந்தக் காசில் நகை வாங்கவில்லை, டிராக்டர் வாங்கவில்லை. மகளுக்கு ஜெர்மன் தயாரிப்பு ஏர் ரைபிள் ஒன்று, செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்தான்.

ஊரே சிரித்தது. சிரித்ததோடு விட்டார்களா? "பொட்டப் புள்ளைக்குத் துப்பாக்கியாமே!" என்று ஒரு பேச்சு. "போலீஸ் கேஸு ஆயிடப் போவுது" என்று இன்னொரு பேச்சு. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் துப்பாக்கி என்ற சொல்லுக்கே வேறு வாசனை உண்டு. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தாமாக ஒப்படைக்க வேண்டும் என்று மலையோர கிராமங்களில் வனத்துறையும் காவல்துறையும் அறிவிப்பு செய்வது இங்கே வழக்கமான செய்தி. அப்படிப்பட்ட ஊரில், என்.சி.சி. கேம்ப்பில் சுடக் கற்றுக்கொண்ட ஒரு பெண், 'நானும் இளவேனில் மாதிரி வருவேன்' என்று கிளம்பினாள். இப்போது பிளஸ் ஒன். இரண்டு வருடம் கழித்து 'வித்துடுங்க' என்கிறாள் என்றால், சும்மா இருக்க முடியுமா?

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"மொதல் நாப்பது குண்டு நல்லா போகுது. கடைசி இருபதுல கீழ கீழ இறங்குது. கோச் சொல்றாரு, எனக்கு ஸ்டாமினா இல்லையாம். கை தளருதாம். நானும் ரெண்டு மாசமா ஓடிப் பாத்துட்டேன், பிளாங்க் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் ஆகலை. எனக்கு இது வராது பெரியப்பா."

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அரை மில்லிமீட்டர் ஆட்டம்

பத்து மீட்டர் ஏர் ரைபிள் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நரங் வெண்கலம் வாங்கியதும் இந்தப் போட்டியில்தான். வெடிமருந்து கிடையாது. சிலிண்டரில் அடைத்த காற்று ஒரு சின்ன ஈயக் குண்டைத் தள்ளும். குண்டின் விட்டம் 4.5 மி.மீ. எடை சுமார் அரை கிராம். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கின் நடுப்புள்ளி, அதாவது பத்து மார்க் வட்டம், எவ்வளவு பெரியது தெரியுமா? அரை மில்லிமீட்டர்! பேனா முனையால் வைத்த புள்ளி அளவு.

75 நிமிடத்தில் 60 குண்டுகள். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. ஆக மொத்தம் 654. குண்டு மையத்தை விட்டு கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 போய்விடும். இரண்டரை மில்லிமீட்டர் விலகினால் ஒரு முழு மார்க் போச்சு.

எங்கள் பெண் சுமார் 612 அடித்துக்கொண்டிருந்தவள். பத்து பத்துக் குண்டுகளாக ஆறு சீரிஸ், ஒவ்வொன்றிலும் 102. கடந்த சில மாதங்களாக 601. பிரித்துப் பார்த்தால் 102, 102, 101, 100, 98, 98. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டைப் பார்த்ததும் பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் பாடம் நடத்திய எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கை தளர்ந்தால் குண்டு நாலாபக்கமும் சிதற வேண்டும். இவளுக்குக் கீழே மட்டும்தானே இறங்குகிறது?

கை தளர்ந்தாலும் கீழே இறங்கலாம்தான். ஆனால் குண்டின் வேகம் குறைந்தாலும் கீழேதான் இறங்கும்.

அன்று மாலை தம்பி வந்தான். அவனும் யூடியூபில் எதையோ பார்த்திருக்கிறான். "அண்ணா, குரோனோகிராஃப்னு ஒரு மிஷின் இருக்காமே? குண்டு எவ்ளோ வேகமாப் போகுதுன்னு காட்டுமாம். வெளிநாட்டுல ஒண்ணு வந்திருக்கு, ரேடாராம். அம்பதாயிரத்துக்கு மேல ஆகும் போல. சொசைட்டில லோன் போட்டு வாங்கிடலாமா?"

"ஒரு வாரம் பொறு. அதுக்குள்ள நான் ஒண்ணு பண்ணிப் பாக்கறேன்" என்றேன்.

கடலூரில் கண்மூடிய கணக்கு வாத்தியார்

குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பகமாக அளந்தவர் யார் தெரியுமா? பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1742-ல் பீரங்கி, துப்பாக்கிக் குண்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆய்லர் என்ற மாபெரும் கணித மேதையே அதை உட்கார்ந்து ஜெர்மன் மொழியில் பெயர்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராபின்ஸிடம் மின்சாரமும் இல்லை, மைக்ரோ செகண்ட் கடிகாரமும் இல்லை. அவர் செய்தது ஒரு ஊஞ்சல். கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதில் சுட்டார். குண்டு கட்டையில் பதிந்ததும் கட்டை பின்னால் ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதை அளந்தால், குண்டின் எடையும் கட்டையின் எடையும் தெரிந்திருக்கிற நிலையில், வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கியின் குண்டு வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று உலகம் தெரிந்துகொண்டது இந்த ஊஞ்சலால்தான்.

இதே வித்தையை நம் ஏர் ரைபிளுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் கயிற்றில் அரைக் கிலோ களிமண் உருண்டையைத் தொங்கவிட்டுச் சுட்டால், அரை கிராம் குண்டு அதைச் சுமார் ஆறு சென்டிமீட்டர் தள்ளும்.

இதில் நமக்குப் பெருமை என்னவென்றால், அந்த ராபின்ஸ் தன் கடைசி நாட்களைக் கழித்தது தமிழ்நாட்டில். கோட்டைகளைப் பலப்படுத்தும் வேலைக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை இங்கே அனுப்பியது. 1751-ல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காலமானார். கிட்டத்தட்ட 250 வருடம் கழித்து, 1999-ல், அதே கடலூரில் பிறந்தவர்தான் எங்கள் பெண்ணின் ஹீரோயின் இளவேனில் வாலறிவன். வளர்ந்தது அகமதாபாத்தில். பத்து மீட்டர் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கி, டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்குக்கும் போனவர்.

இந்தக் கதையைச் சொன்னதும் எங்கள் பெண் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "சரி பெரியப்பா, ஊஞ்சல் கட்டுவோமா?" என்றாள்.

"வேணாம். உன் போனைக் குடு" என்றேன்.

செல்போனே போதும்... முதல் சோதனைக்கு!

வீட்டுக்குப் பின்னால் அவள் பயிற்சி செய்யும் தகரக் கொட்டகை. முடிவில் செங்கல் சுவர். சுவருக்கு முன்னால் குண்டைப் பிடிக்கிற இரும்புப் பெட்டி. துப்பாக்கிக் குழல் முனையிலிருந்து பெட்டியின் தகடு வரை சரியாகப் பத்து மீட்டர் வருமாறு டேப் வைத்து அளந்து பெட்டியை நகர்த்தினோம். சரியாகப் பாதித் தூரத்தில், சுடும் கோட்டுக்கு ஒரு மீட்டர் பக்கவாட்டில், ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் போன், வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணி. இதெல்லாம் குண்டு போடுவதற்கு முன்பே. அதன்பிறகு யாரும் துப்பாக்கிக்கு முன்னால் போகக்கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

ஏன் சரியாக நடுவில்? சத்தம் வந்து சேரவும் நேரம் ஆகுமே! வினாடிக்குச் சுமார் 345 மீட்டர். போன் நடுவில் இருந்தால் 'டப்' என்று சுடுகிற சத்தமும், 'டக்' என்று தகட்டில் படுகிற சத்தமும் ஒரே தூரத்தைத்தான் கடந்து வரும். இரண்டுக்கும் ஒரே தாமதம். ஆகவே இரண்டு சத்தத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் குண்டு பறந்த நேரம். கழித்தல், கூட்டல் எதுவும் தேவையில்லை.

அவள் போட்டியில் சுடுவதுபோலவே 60 குண்டுகள் சுட்டாள். ரெக்கார்டிங்கை கம்ப்யூட்டரில் 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் திறந்தோம். சத்தம் படமாகத் தெரியும். போன் ஒரு வினாடிக்கு 44,100 முறை சத்தத்தைப் பதிவு செய்கிறது. ஆகவே வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி செகண்டைப் பார்ப்பது இதற்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஒரு எச்சரிக்கை: டிரிகர் அசையும் 'டிக்' சத்தம் முதலில் சின்னதாக வரும். அதை எடுக்கக் கூடாது. அடுத்து வரும் பெரிய சத்தத்தின் தொடக்கத்தைத்தான் எடுக்க வேண்டும்.

முதல் பத்துக் குண்டுகள் பறந்த நேரம் சராசரியாக 61 மில்லி செகண்ட். அதாவது வினாடிக்கு 164 மீட்டர்.

கடைசிப் பத்து? 64 மில்லி செகண்ட். அதாவது 156 மீட்டர்.

மூன்றே மூன்று மில்லி செகண்ட். கண் இமைக்கிற நேரத்தில் இது ஒரு சின்னத் துணுக்கு. ஆனால் குண்டு பறக்கிற நேரம் முழுவதும் பூமி அதைக் கீழே இழுத்துக்கொண்டுதானே இருக்கிறது? கணக்குப் போட்டோம். அந்த மூன்று மில்லி செகண்டில் குண்டு கூடுதலாக இறங்கும் தூரம் 1.8 மில்லிமீட்டர். 10.2 அடிக்கிற கையை 9.8-க்கு இழுத்துவிட இது போதும். பத்துக் குண்டுக்கு 98. அவள் நோட்டில் எழுதியிருந்த அதே 98!

பேப்பரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ... நான் இல்லையா பெரியப்பா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான்.

முள் நகரவில்லை

அடுத்து சிலிண்டரைப் பார்த்தோம். 60 குண்டு சுடுவதற்கு முன்னாலும் அழுத்தமானியின் முள் 150-ல் நின்றது. சுட்ட பின்னும் 150. மறுநாள் காலையிலும் 150. இப்படி அசையாமல் நின்றால் அது கடிகாரமாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும், இல்லையா?

துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போனோம். முள் சிக்கியிருந்தது. உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்து காற்று மெதுவாகக் கசிந்துகொண்டிருந்தது. இந்த ரைபிள்களில் ரெகுலேட்டர் என்று ஒன்று உண்டு. சிலிண்டரில் காற்று எவ்வளவு இருந்தாலும், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு அழுத்தத்தை அளந்து கொடுப்பது அதன் வேலை. ஆனால் சிலிண்டரில் இருப்பதே அந்த அளவுக்கும் கீழே போய்விட்டால் பாவம், ரெகுலேட்டர் என்ன செய்யும்? குண்டுக்குக் குண்டு வேகம் இறங்கும். அதுதான் நடந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று காத்திருந்தது. சிலிண்டரின் மேல் பொறித்திருந்த வருடத்தை அவர் விரலால் காட்டினார். 2013. போட்டித் துப்பாக்கியின் காற்று சிலிண்டருக்கு ஆயுள் பத்து வருடம். எங்களுக்கு விற்கும்போதே அது காலாவதி! விற்றவர் சொல்லவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து, பிள்ளை கன்னத்தை ஒட்டி வைத்துக்கொள்கிற பொருள் அது. லாரி டயரில் இருக்கும் காற்றைப் போல இருபது மடங்குக்கு மேல். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

தயவுசெய்து, வீட்டில் ஏர் ரைபிள் வைத்திருப்பவர்கள் இந்த வரியைப் படித்த கையோடு எழுந்து போய் சிலிண்டரின் தேதியைப் பாருங்கள். மீதியை வந்து படிக்கலாம்.

குரோனோகிராஃபுக்கு என்று தம்பி எடுத்து வைத்த பணம் புது சிலிண்டருக்கும் ரப்பர் வளையங்களுக்கும் போனது. லோன் போடவில்லை.

சரி, எந்த மிஷினை வாங்குவது?

போன் சோதனை கோளாறு இருக்கிறதா என்று காட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் சத்தத்தைத் திறந்து படம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிறகு அவளோடு பயிற்சி செய்யும் நான்கு பிள்ளைகளின் குடும்பங்கள் சேர்ந்து பொதுவில் ஒரு குரோனோகிராஃப் வாங்கினோம். வாங்குவதற்கு முன் நான் படித்ததும் விசாரித்ததும் இதோ.

பெரும்பாலான குரோனோகிராஃபின் தத்துவம் ஒன்றுதான். குண்டு இரண்டு வாசல்களைக் கடக்கிறது. முதல் வாசலில் கடிகாரம் ஓடும், இரண்டாவதில் நிற்கும். வாசல்களுக்கு நடுவே 30 செ.மீ. என்றால் நம் குண்டு அதைக் கடக்க எடுக்கும் நேரம் 1.8 மில்லி செகண்ட்கூட இல்லை. வாசல் தூரம் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், வேகத்தில் சுமார் அரை மீட்டர் பிசகும். ஆகவே மடங்கி ஆடுகிற கீல், வளைகிற பிளாஸ்டிக் உள்ளதை வாங்க வேண்டாம்.

வெளிச்ச வகை: இரண்டு கம்பி வளையங்கள் மாதிரி மேலே திறந்து இருக்கும். குண்டின் நிழல் கீழே உள்ள கண்ணில் விழுவதை வைத்து அளக்கும். விலை குறைவு. திறந்த வெளியில், மேகமூட்டமான நாளில் அருமையாக வேலை செய்யும். ஆனால் கொட்டகைக்குள் டியூப்லைட் போட்டால் குழம்பும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, மிஷினின் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று: குறி தவறினால் குண்டு மிஷினிலேயே படும். அப்படிச் செத்த மிஷின்கள் ஏராளம்.

அகச்சிவப்பு வகை: சின்னக் குழாய் அல்லது பெட்டி வடிவில் இருக்கும். தன் வெளிச்சத்தைத் தானே வைத்திருப்பதால் இரவு, பகல், டியூப்லைட் எதுவும் பாதிக்காது. ஏர் ரைபிளுக்கு இது போதும். குழல் முனையில் மாட்டுகிற மாதிரி என்றால், அந்த எடையால் குறி மாறும். ஆகவே வேகம் பார்க்கும்போது மட்டும் மாட்டி, பிறகு கழற்றிவிட வேண்டும். குண்டு நடுவில் தடையில்லாமல் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கோணலாக மாட்டினால் அளவும் தப்பு, மிஷினும் காலி.

காந்த வகை: குழலோடு கட்டுவது. உலோகக் குண்டு கடப்பதைக் காந்தப் புலத்தால் உணரும். வெடிமருந்து ரைபிள்களுக்கே இது அதிகம் பயன்படுகிறது. பத்து மீட்டர்காரர்கள் இதை மறந்துவிடலாம்.

ரேடார் வகை: குண்டின் மேல் அலை பட்டுத் திரும்பும்போது ஏற்படும் மாற்றத்தை வைத்து வேகம் சொல்லும். சாலையில் போலீஸ்காரர் காரின் வேகம் பிடிக்கிறாரே, அதே டாப்ளர் தத்துவம். பக்கத்தில் வைத்தால் போதும், குண்டு படும் பயமே இல்லை. முன்பு பெரிய பெட்டியாக இருந்தது. 2023-ல் கார்மின் நிறுவனம் உள்ளங்கை அளவில் கொண்டுவந்து, 600 டாலர் விலை வைத்தது. இறக்குமதிச் செலவு தனி. பிள்ளை .22 ரைபிளுக்கு, 50 மீட்டருக்குப் போகப் போகிறது என்றால், அல்லது ஒரு கிளப் வாங்குகிறது என்றால், இது நியாயம். ஒரு குடும்பம் கடன் வாங்கி வாங்க வேண்டிய பொருள் இல்லை.

நாங்கள் வாங்கியது அகச்சிவப்பு வகை. வாங்கும்போது கடையில் கேட்ட கேள்விகள்: வினாடிக்கு 100 மீட்டர் போன்ற குறைந்த வேகத்தையும் படிக்குமா? பத்துக் குண்டுகளின் கணக்கைச் சேர்த்து வைத்து, அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி காட்டுமா? பேட்டரி சாதாரணக் கடையில் கிடைக்குமா? பழுதானால் யார் பார்ப்பார்கள்? 'பார்த்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். எவ்வளவு வேகம் என்பதைவிட எவ்வளவு ஒரே மாதிரி என்பதுதான் போட்டிக்குத் தேவை. பத்து மீட்டர் ரைபிளில் வேகம் வினாடிக்கு 165-லிருந்து 175 மீட்டருக்குள் இருந்தால் போதும். ஆனால் பத்துக் குண்டுகளில் மிக வேகமானதுக்கும் மிக மெதுவானதுக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், யோசிக்க வேண்டும். புது சிலிண்டர் போட்ட பிறகு எங்கள் ரைபிள் குழல் முனையில் 171 காட்டியது. முதல் குண்டிலும் 171-ஐ ஒட்டித்தான், அறுபதாவதிலும் 171-ஐ ஒட்டித்தான். (போனில் வந்த 164-ஐவிட இது அதிகமாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள். போன் காட்டியது பத்து மீட்டரின் சராசரி. காற்றைக் கிழித்துப் போகப் போகக் குண்டு களைத்துப் போகும்.)

'ஆயிரம் அடி' விளம்பரம்

2022-ல் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் வந்தபோது கூடிய கூட்டத்தை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற காட்சிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, பையனுக்கு ஒன்று வாங்கலாமே என்று ஆன்லைனில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

'1,000 எஃப்.பி.எஸ். வேகம்!' என்று விளம்பரம் வரும். வினாடிக்கு ஆயிரம் அடி. பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர் கன் என்றால் குழல் விட்டம் .177 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. குண்டின் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னாலே போட்டுக் கொடுக்கும். எங்கள் போட்டி ரைபிளுக்கு இது 8 ஜூலுக்கும் குறைவு. அதே அரை கிராம் குண்டு ஆயிரம் அடி வேகத்தில் போனால்? 23 ஜூலைத் தாண்டிவிடும்! விளம்பரம் பொய்யாக இருந்தால் காசு போச்சு. நிஜமாக இருந்தால் கேஸ். ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் இதே கதைதான். குரோனோகிராஃப் இந்த விஷயத்திலும் நம்மைக் காப்பாற்றும் ஒரு சாட்சி.

கொக்கு, புறா, காட்டு முயல் என்று சுடக் கிளம்புகிறவர்களுக்கு: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லிருந்து இருக்கிறது. ஏர் கன்தானே என்று வனத்துறை விடாது.

மிஷின் சொல்லாத ஒன்று

எங்கள் ஊர் அதியமானின் ஊர். அவனுக்காக அவ்வையார் தொண்டைமானிடம் தூது போன கதை உங்களுக்குத் தெரியும். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, பீலி சூட்டி, பளபளவென்று அடுக்கி இருந்தன. அதியமானின் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் அவ்வை. அதில் யார் உண்மையாகப் போரிடுகிறவன் என்பது சொல்லாமலே விளங்கிவிடும். பட்டறைக்குப் போவது அவமானம் இல்லை. போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருப்பதுதான் தப்பு.

புது சிலிண்டர் வந்து இரண்டு மாதம். போன வாரம் நோட்டைக் காட்டினாள். 102, 103, 102, 100, 102, 103. மொத்தம் 612. பழைய இடத்துக்கு வந்துவிட்டாள்.

"அந்த நாலாவது சீரிஸ்ல என்னம்மா 100? மிஷின் மாட்டிப் பாத்தியா?"

"பாத்தேன் பெரியப்பா. 171தான். கரெக்டா இருக்கு."

"அப்புறம்?"

"அது நான்தான். நாப்பதாவது குண்டு வர்றப்போ, மொத்தம் எவ்ளோ வரும்னு மனசுக்குள்ள கூட்ட ஆரம்பிச்சுட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இரண்டு மாதத்துக்கு முன் துப்பாக்கியை விற்கச் சொன்ன அதே பெண்.

"இப்போ தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சா பயமா இல்லை பெரியப்பா. என்னோடதுன்னா நான் சரி பண்ணிக்குவேன்ல?"

கொட்டகையில் தகரப் பெட்டி 'டக்' என்றது. வெளியே தம்பி, தக்காளிக் கூடைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டே தலையைத் தூக்கிக் கேட்டான்: "எவ்ளோம்மா?"

"பத்து புள்ளி ஆறு!"